மாடிக்குக் கார்ப்பெட் வேண்டாம் மச்சான்

க்ராய்டன், லண்டன்

அன்புள்ள மச்சானுக்கு,

வீடியோ கால்ல எங்க ஹாலைப் பாத்ததுலேருந்து, புது வீட்டு மாடிக்கும் இதே மாதிரி கார்ப்பெட் போட்டா என்னன்னு அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்களும் "விசாரிச்சுச் சொல்லுங்க மாப்பிள"ன்னு மெசேஜ் போட்டிருக்கிய. கொத்தனார்கிட்ட வாக்குக் குடுக்கதுக்கு முன்ன இதைப் படிச்சிருங்க.

நாங்க ஆசைப்பட்டுப் போடல. வாங்கும்போது இங்க நல்ல மரத்தரை. வாரியலால ஒரு இழுப்பு, வேலை தீந்துச்சு. குடிவந்த சூட்டோட கட்டட ஆபீசுலேருந்து கடுதாசி வந்துட்டு. அடுக்களை, பாத்ரூம் தவிர மத்தத் தரையெல்லாம் கார்ப்பெட் போட்டு மூடணும்னு பத்திரத்துல இருக்காம். கீழ்வீட்டுக்காரருக்கு நம்ம காலடிச் சத்தம் கேக்கக் கூடாதுல்லா? இங்க ஃபிளாட்டுகள்ல இது சகஜமான விதிதானாம். கீழ்வீட்டுப் பெரியவரு காதுல மெஷின் மாட்டியிருக்காரு. அதை எழுதிப் போட்டேன். பதில் இல்ல.

இந்த விதியை நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஹால்ல நடந்தா குத்தம். அடுக்களைல உரலைப் போட்டு ஒரு மூட்டை அரிசியை இடிச்சா அது குத்தமில்ல, ஏன்னா அங்க கார்ப்பெட் கிடையாது. சின்னவன் இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். பந்து தட்டுறதெல்லாம் இப்ப அடுப்புக்கு முன்னாலதான். சத்தம் போடச் சட்டம் அனுமதிச்ச இடம் அதுதானாம். உங்க தங்கச்சி ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவுல அடிச்சிருக்க தகரப் பட்டைல நின்னுக்கிட்டு என்னை ஏசுதா. அது எந்தப் பக்கத்துக் கணக்குல வரும்? கட்டில்லேருந்து உருண்டு விழுந்தா அது நடையா, விழுகையா? ஆபீசுக்கு எழுதிக் கேக்கலாம்னு இருந்தேன். "நீங்க பேசாம இருங்க, வீட்டைப் புடுங்கிருவான்"னு அவ தடுத்துட்டா.

கடைக்குப் போனோம். 80 பங்கு கம்பளி, 20 பங்கு நைலான் கலந்ததைத்தான் இங்க ஒசத்தின்னு காட்டுதாங்க. அதுக்கும் மேல ஆக்ஸ்மின்ஸ்டர். அது டெவன்ல இருக்க ஒரு சின்ன ஊரு. துருக்கிக் கம்பளம் ஒண்ணைப் பாத்து மயங்கி, அதே மாதிரி நெய்யணும்னு 1755-ல தாமஸ் விட்டின்னு ஒரு நெசவாளி அங்க தறி போட்டாரு. விலையைக் கேட்டுட்டு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டேன். ரோல் அகலம் 4 மீட்டர், அதை விட்டா 5. எங்க ஹாலு நாலுக்கு ஒரு சாண் கூட. அந்த ஒரு சாணுக்காக அஞ்சுக்குக் காசு குடுத்தோம். மிச்சத் துண்டு கட்டிலுக்கு அடில சுருண்டு கிடக்கு.

போட வந்தவரு சுவரோரம் சுத்தி ஆணிமுனை நிமுந்து நிக்கிற மரச்சட்டம் அடிச்சாரு. நடுவுல நுரைமெத்தை. அதுக்கு மேல கார்ப்பெட்டை விரிச்சு, ஒரு கருவியை முழங்காலாலேயே உதைச்சு உதைச்சு ஆணில மாட்டுனாரு. இந்தத் தொழில்ல முழங்கால் போயிருமாம், பாவம். முடிச்சுட்டுப் பாத்தா ஒரு கதவு மூடல! தரை ஒசந்துட்டுல்லா? கதவடியைச் சீவுறது அவரு வேலை இல்லையாம், தச்சரு தனியா வரணுமாம். தச்சருக்கு எப்பத் தோதுப்படுமோ அப்பத்தான் வருவாரு. அதுவரைக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும் நாங்க அலமாரிக்குப் பின்னால நின்னுதான் உடுப்பு மாத்தினோம்.

குளிருக்கு நல்லதுதான், இல்லங்கல. ஜனவரில காலை ஊணுனா சுகமாத்தான் இருக்கு. நம்ம ஊருக்கு அது என்னத்துக்கு? ஆடிக் காத்துல சன்னலை அடைச்சாலும் தேரி மண்ணு உள்ள வந்து உக்காரும். டைல்ஸ்னா தூத்தி எடுத்திரலாம், கார்ப்பெட்ல இறங்குச்சுன்னா அதுலயே முருங்கை நடலாம். உவரிக் கடல்ல ஆடிட்டு வார பயலுவ காலு வேற. மே மாசம் கரண்டு போனா அதுல படுக்க முடியுமா?

எனக்கு ஏக்கமே அந்தப் படுக்கைதான் மச்சான். மத்தியானம் சோறு தின்னுட்டு, சட்டையைக் கழத்திப் போட்டுட்டு நம்ம பழைய வீட்டுச் சிமெண்டுத் தரைல சாஞ்சா முதுகுல ஏறுமே ஒரு குளிச்சி! இவ்வளவு காசு கொட்டிப் போட்ட தரைல அதுக்கு வழியில்ல. கம்பளி குத்துது.

அதனால டைல்ஸே போடுங்க. மிச்சக் காசுல எனக்கு ஒரு பத்தமடைப் பாய் வாங்குங்க. சேரன்மகாதேவி பக்கம் போகும்போது தறிக்காரங்க வீட்டுலயே கேளுங்க. தண்ணில ஊற வச்ச கோரையைச் சன்னமாக் கீறி நெய்ஞ்சதா இருக்கணும், மடிச்சுப் பைல வச்சிரலாம். 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கே எங்க பக்கத்துப் பாய்தான் வந்துச்சுன்னு கீழ்வீட்டுப் பெரியவருகிட்டப் பெருமையடிச்சு வச்சிருக்கேன், மானத்தைக் காப்பாத்துங்க. கார்ப்பெட்டுக்கு மேல பாய் விரிக்கக் கூடாதுன்னு பத்திரத்துல எங்கயும் இல்ல, நல்லாப் பாத்துட்டேன்.

ஒண்ணே ஒண்ணு. பத்தமடைல கல்யாணத்துக்குன்னு பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டுப் பாய் நெய்வாங்க. யாரோ சொல்லி வச்சு வாங்காமப் போனது மலிவாக் கிடைக்குன்னு எடுத்து அனுப்பிராதிய. அதுல எவ பேரு இருந்தாலும் உங்க தங்கச்சிக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

அன்புடன்,
உங்க மாப்பிள்ளை