தேயிலைக்கு ஆறு நிமிடம், பிள்ளைக்கு எத்தனை?

பெறுநர்: சர்வதேச தர நிர்ணய அமைப்பு (ஐ.எஸ்.ஓ.), ஜெனீவா

விடயம்: நுவரெலியா மலையில் பால் போத்தலுக்கும் ஒரு நியமம் கோருதல்

மதிப்புக்குரிய அமைப்பினருக்கு,

தேயிலைச் சாயம் தயாரித்து ருசிபார்க்கும் முறைக்கு 1980இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்று இலக்கமிட்டு உலகுக்கு வழங்கிய பெருமை தங்களுடையது. நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிராம் தேயிலை. கொதித்த கையோடு ஊற்ற வேண்டும். விளிம்புக்கு நான்கு முதல் ஆறு மில்லிமீற்றர் கீழே நிறுத்த வேண்டும். ஆறு நிமிடம் ஊற வேண்டும். பாலைப் பிறகு சேர்ப்பதானால் சாயம் 65 முதல் 80 பாகைக்குள் இருப்பது நல்லது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறீர்கள். இதே விடயத்தை ஆறு பக்கத்தில் எழுதிய பிரித்தானிய நியம நிறுவனத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். இலங்கை மலையகத்து ஹட்டனில் அதற்குச் சிரிக்க ஆளில்லை. அங்கே தேயிலைதான் சோறு.

இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர்கள் என்பதால்தான் இந்த விண்ணப்பம் தங்களிடம் வருகிறது.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு. டொராண்டோவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கைக்குழந்தையோடு குடும்பங்கள் வந்து சேர்கின்றன. கட்டுநாயக்காவில் இறங்கி, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று வான் வளைந்து வளைந்து ஏறி முடிக்க ஐந்தாறு மணி நேரமாகிவிடும். அதற்குள் பிள்ளைக்கு இரண்டு தடவையாவது பசிக்கும். நீர்வீழ்ச்சி பார்க்க வான் நிற்கும் இடத்தில்தான் பசிக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சேலை கட்டிய வழிகாட்டி, வெள்ளிநுனித் தேயிலைக்குத் தண்ணீர் எத்தனை பாகை, பச்சைத் தேயிலைக்கு எத்தனை, பி.ஓ.பி.எஃப். கறுப்புத் தேயிலைக்கு எத்தனை என்று மனப்பாடமாகச் சொல்கிறார். சுடுதண்ணீரைப் பற்றி இத்தனை ஞானமுள்ள மலை உலகில் வேறு இருக்குமா தெரியாது. வானுக்குள் இருக்கும் தாய் கேட்பதும் சுடுதண்ணீர்தான். என்ன, அதற்கு அனுமதிச் சீட்டு அச்சடிக்கவில்லை.

தங்கள் ஊரிலேயே குடியிருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007இல் பிள்ளைக்குப் பால்மா கரைப்பதற்கு வழிமுறை எழுதியிருக்கிறது. தகரத்தில் வரும் பால்மா கிருமி நீக்கப்பட்ட பண்டம் அல்ல. அரிதாக அதில் குரோனோபக்டர் என்ற கிருமி இருக்கும். 2022இல் அமெரிக்காவின் அபொட் நிறுவனம் தகரம் தகரமாகத் திருப்பி வாங்கியதும் அந்தக் கிருமியின் பேரில்தான். ஆகவே மாவில் ஊற்றும் தண்ணீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது. கேத்தலில் கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். பிறகு போத்தலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கரைத்து இரண்டு மணி நேரம் தாண்டினால் வெளியே கொட்டிவிட வேண்டியதுதான்.

நடப்பதோ தலைகீழ். கொழும்பு ஹோட்டலில் காலையில் கரைத்த பாலைத் துவாயில் சுற்றி, வெதுவெதுப்பு ஆறாமல் ரம்பொடை வரை பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். கிருமிக்கு அதைவிடச் சொகுசான பயணம் கிடையாது. மாவை அளந்து ஒரு காய்ந்த டப்பாவிலும், சுடுதண்ணீரை 70 பாகைக்குக் கீழே ஆறவிடாத பிளாஸ்க்கிலும் தனித்தனியே எடுத்து வந்தால் போதும், வேலை முடிந்தது.

கழுவுவது அடுத்த பாடு. போத்தலின் கழுத்து மரையில் காய்ந்த பால் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். சூப்பியின் ஓரத்தில் காற்றுப் போகும் ஊசித்துளை அடைபட்டிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் தண்ணீரில் மூழ்கக் கொதிக்க வைக்க வேண்டும்; இல்லையென்றால் கிருமிநீக்கி வில்லை கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட வேண்டும். ஹோட்டல் அறையில் இருப்பதோ, முந்தைய விருந்தாளி நூடுல்ஸ் வேக வைத்துவிட்டுப் போன மின்கேத்தல். போத்தல் தண்ணீர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அதுவும் கிருமி நீக்கியதல்ல, அதையும் கொதிக்க வைத்தாக வேண்டும்.

இடையில் தங்களுக்கென்றே ஒரு தொழில்நுட்பக் கேள்வி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 3103இன்படி அது கொதிநீரா, இல்லையா? கிருமிகள் இந்தச் சர்ச்சையில் தலையிடுவதில்லை; தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடுகின்றன. ஹோட்டன் சமவெளி போல 2,000 மீற்றருக்கு மேலே போனால் மட்டும் மூன்று நிமிடம்.

உதவி வருவது எதிர்பாராத இடத்திலிருந்து. வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் கேத்தல் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். "புள்ளைக்கா? கொண்டாங்கம்மா" என்று முதலாளி பிளாஸ்க்கை வாங்கி, முதலில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அவர் எந்த நியமமும் படித்தவரல்ல.

ஹோட்டல் யன்னலுக்கு வெளியே, விருந்தாளிகள் படமெடுக்கும் மலைச்சரிவில், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் கைக்குழந்தை உண்டு. அது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஆயாம்மாவிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகம் பாராட்டிய கணக்கு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காரிக்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகின்றன. பிள்ளை மடுவம் இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்.

அந்த அரை மணி நேரம் எப்போது தொடங்குகிறது? கூடையை இறக்கும்போதா, பிள்ளையைக் கையில் வாங்கும்போதா? மேல்மலையிலிருந்து இறங்கி ஏறவே பாதி நேரம் போய்விடும். கொழுந்து வாடாமல் தொழிற்சாலைக்குப் போக லொறி வருகிறது. பாலூட்டப் போகிறவள் நடந்துதான் போக வேண்டும். திரும்பி வந்து எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். 2024இல் நாட்கூலி 1,350 ரூபாயான பிறகும் அரைப் பேருக்குப் பாதிதான். கூடைக்குள் எத்தனை கிலோ என்று பார்க்கும் தராசு, மார்பு கட்டி வலிப்பதை எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே மாண்புமிகு அமைப்பினர் புதிய நியமத்தில் கீழ்க்கண்டவற்றை மில்லிமீற்றர் சுத்தமாக வரையறுத்துத் தரவேண்டும். பாலூட்டும் தாய்க்குச் சாய்மானமுள்ள ஒரு கதிரை. அது கழிவறைக்குள் இருக்கக் கூடாது. போத்தல் கழுவ ஒரு தொட்டி. அதில் சேற்றுச் சப்பாத்துக் கழுவக் கூடாது. கொதித்த நேரம் எழுதி ஒட்டிய சுடுதண்ணீர் பிளாஸ்க். தோட்டத்தில் இடைவேளை அரை மணி நேரம், பிள்ளையின் வாய் மார்பில் பட்ட கணத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். பிழை வரம்பு, தேயிலைக்குத் தாங்கள் அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது.

இங்ஙனம்,
ரம்பொடை வளைவில் ஓரங்கட்டி நிற்கும் வான் ஒன்றின் சார்பில்.

பிரதிகள்: உலக சுகாதார நிறுவனம் (அதே ஊர்தான், கையில் கொடுத்தனுப்பலாம்), தோட்டத்துத் துரைமார்.

இணைப்பு: சூப்பி ஒன்று. பரிசோதித்த பின் பத்து நிமிடம் கொதிக்க வைத்துத் திருப்பி அனுப்பவும்.