கை வைத்த நாற்காலி ஆண்பால்

வயது வந்தபின் அந்நிய மொழியொன்றைக் கற்கப் புகுவோரை நினைவாற்றல் குன்றியவர்கள் என்று கருதி இரக்கப்படுவது மொழியாசிரியர்களின் வழக்கம். ஆனால் புதுச்சேரியில் மாலை ஆறு மணிக்கு மேல் நடைபெறும் பிரெஞ்சு வகுப்பொன்றைச் சில வாரம் உற்றுநோக்கும் எவருக்கும், அவர்களுடைய உண்மையான குறைபாடு மறதி அன்று, 'ஏன்' என்று கேட்கும் பழக்கமே என்பது தெளிவாகிவிடும். ஐந்து வயதுக் குழந்தை வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்குமே தவிர, 'வந்தான்' என்பதன் ஈற்றில் 'ன்' எதற்கு என்று ஒருநாளும் கேட்பதில்லை. கீழ்நிலை அலுவலர் அனுப்பிய கோப்பின் ஓரத்தில் 'காரணம் குறிப்பிடுக' என்று எழுதித் திருப்பியனுப்பியே முப்பது ஆண்டுகளைக் கழித்துப் பணி ஓய்வு பெற்றவரோ, மேசை பெண்பால் என்று கரும்பலகையில் கண்டவுடன் தம் வாழ்நாள் பழக்கப்படி காரணம் கேட்கிறார். காரணம் இல்லை என்பதே விடையாகக் கிடைக்கும்போது, அக்கோப்பை மேலிடத்துக்கு அனுப்ப வழியில்லையே என்று வருந்துகிறார்.

1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் விலகி, 1962இல் சட்டப்படியும் முடிவுக்கு வந்த ஊர் ஆதலால், இங்கே இவ்வகுப்புக்கு வருவோரின் நோக்கங்கள் பிற ஊர்களில் உள்ளவற்றைவிடச் சற்றுச் சிக்கலானவை. சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமும் பெற்றவரின் குடும்பத்தில், மருமகளாகப் போகவிருக்கும் பெண் ஒருத்தி முன்வரிசையில் இருப்பாள். கடற்கரையோர விடுதியின் வரவேற்பாளர் ஒருவரும், பேரப்பிள்ளைகள் லியோன் நகரில் தமிழ் மறந்து வளர்வதால் தாமே அவர்கள் மொழிக்கு இடம்பெயர முடிவெடுத்த தாத்தா ஒருவரும் நடுவரிசையில் இருப்பார்கள். கடைசி வரிசைக்கு உரியவர், மேல்நிலைப் பள்ளியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சைப் பாடமாக எடுத்து பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் 190க்கு மேல் பெற்றவர். மதிப்பெண்ணுக்காகவே அம்மொழியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பேச வேண்டிய கட்டாயம் ஏதுமின்றி இரண்டாண்டுகளைக் கடந்து வந்த இவ்வகையினர் தமிழ்நாட்டில் ஏராளம். முதல் வகுப்பில் ஆசிரியர் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று பிரெஞ்சில் கேட்டதும், அக்கேள்வி எத்தனை மதிப்பெண்ணுக்கு உரியது என்பதுபோல் விழிப்பவர்கள் இவர்களே.

இவர்கள் அனைவரையும் முதலில் தாக்குவது பால் பாகுபாடு. உயர்திணைக்கு மட்டும் ஆண், பெண் என்று பிரித்துவிட்டு, அஃறிணைப் பொருள்களை ஒன்று, பல என்று எண்ணியதோடு நிறுத்திக்கொண்ட தமிழிலக்கணத்தின் நிழலில் வளர்ந்தவருக்கு, வகுப்பறையில் உள்ள ஒவ்வொரு தட்டுமுட்டுப் பொருளும் ஆணா பெண்ணா என்று விசாரித்தறிய வேண்டிய நிலை கூச்சத்தைத் தருகிறது. சாதாரண நாற்காலி பெண்பால். அதற்கே கை வைத்து மெத்தையிட்டுச் சாய்வு நாற்காலி ஆக்கினால் ஆண்பால். இதில் சமூக நீதி சார்ந்த உட்பொருள் ஏதோ இருப்பதாக எண்ணி ஒருவர் கோட்பாடு வகுக்கத் தொடங்குவதற்குள், மீசையும் தாடியும் பெண்பால் என்றும், பெண்ணியம் ஆண்பால் என்றும் தெரியவந்து கோட்பாடு சரிந்துவிடுகிறது. காவல் நிற்கும் வீரனையும் குற்றத்துக்கு இரையானவனையும் குறிக்கும் சொற்கள், அவர்கள் எத்தகைய ஆண்மகனாக இருந்தாலும், பெண்பாலாகவே நிற்கும்.

இத்தகைய வழக்குகளில் மேல்முறையீட்டுக்கு உரிய இடமாகக் கருதப்படுவது, கார்டினல் ரிஷெலியு 1635இல் நிறுவிய பிரெஞ்சு அகாதெமி. இதன் உறுப்பினர் நாற்பதின்மரும் 'இறவாதவர்கள்' என்று அழைக்கப்படுகின்றனர். ஆயினும் அவர்களில் ஒருவர் இறந்தால்தான் பெரும்பாலும் புதியவருக்கு இடம் கிடைக்கும். பச்சைப் பூவேலைப்பாடு கொண்ட சீருடையும் இடையில் வாளும் அணியும் இம்மொழிக்காவலர்கள் தங்கள் அகராதியின் 8ஆம் பதிப்பை 1935இலும் 9ஆம் பதிப்பை 2024இலும் முடித்தார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய வேகம் விளங்கும். 2020இல் கோவிட் நோய் பரவியபோது அச்சொல் பெண்பால் என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். அதற்குள் பிரான்சு மக்கள் அதை ஆண்பாலாகப் பேசிப் பழகியிருந்தார்கள். வகுப்பில் பால் மயங்கி அடி வாங்கும் தமிழருக்கு, ஒரு நாடே அவ்வாறு மயங்கியது என்ற இச்செய்தியைவிடப் பெரிய ஆறுதல் கிடைப்பது அரிது.

எண்களோ கணக்கில் தேர்ந்தவர்களையே முதலில் வீழ்த்துகின்றன. பிரெஞ்சில் எழுபது என்பது அறுபதும் பத்தும். எண்பது என்பது நான்கு இருபது. தொண்ணூற்றேழு என்பது நான்கு இருபதும் பதினேழும். காகிதத்தில் இது வேடிக்கையாகத் தோன்றினாலும், பிரான்சில் பத்திலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்தே சொல்வார்கள் என்பதால், கேட்டு எழுதுபவர் 'நான்கு' என்று காதில் விழுந்ததும் 4 என்று எழுதி, 'இருபது' என்றதும் அதை அடித்து 8 என்று திருத்தி, 'பதினேழு' என்று முடிந்ததும் அதையும் அடித்து 97 என்று எழுதுவதற்குள், எதிர்முனையில் இருப்பவர் எண்ணைச் சொல்லி முடித்து நன்றியும் கூறிவிடுகிறார். பெல்ஜியத்தாரும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசுவோரும் தொண்ணூறுக்கு 'நோனாந்த்' என்னும் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கின்றனர் என்ற செய்தி தெரிந்ததும், வகுப்பில் சிலர் பெல்ஜியத்துக்கே விண்ணப்பிக்கலாமா என்று விசாரிப்பதுண்டு. (தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் எப்படி நுழைந்தன என்று விளக்க நன்னூலுக்கே சூத்திரம் தேவைப்பட்டதை அவ்வேளையில் எவரும் நினைவுகூர்வதில்லை.)

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இன்னும் விரிவாக ஆராயத்தக்கது. ஆகஸ்டு மாதத்தைக் குறிக்கும் சொல்லில் நான்கு எழுத்துகள் உள்ளன. நான்கும் கூடி எழுப்பும் ஒலி 'ஊ' என்பது மட்டுமே. சிலர் இரக்கப்பட்டு இறுதியில் ஒரு 'த்' சேர்ப்பதுண்டு. பன்மையாக்க 'கள்' சேர்த்துச் சொல்லை நீட்டும் தமிழருக்கு, பன்மையானதும் சொல் குறுகிப்போவது புரிவதில்லை: எலும்பு ஒன்றாயின் 'ஒஸ்', பலவாயின் 'ஓ', இத்தனைக்கும் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. மீனுக்கும் நஞ்சுக்கும் இடையிலான வேறுபாடோ ஓர் 'எஸ்' எழுத்து. இரட்டித்து வந்தால் வன்மையாக ஒலித்து மீன் ஆகும். ஒற்றையாக வந்தால் வண்டின் முரலல்போல் அதிர்ந்து ஒலித்து நஞ்சு ஆகும். அந்த அதிர்வொலி தமிழ் நெடுங்கணக்கில் இல்லாததால், குறிப்பேட்டில் தமிழெழுத்தில் குறித்துக்கொள்பவர் இரண்டையும் 'புவாசோன்' என்றே எழுதுகிறார். தமிழ் நாக்கு இயல்பாகவே மீனின் பக்கம் சாய்வது என்பதால், நஞ்சு கேட்டு மீன் பெறுவது நடக்குமே ஒழிய, மீன் கேட்டு நஞ்சு பெறும் அபாயம் தொடக்கத்தில் இல்லை. ஆசிரியர் இவ்வேறுபாட்டை வற்புறுத்தி எச்சரித்த பிறகே, மிகையான கவனத்தின் காரணமாக, அதுவும் நிகழத் தொடங்குகிறது.

ஈற்றெழுத்து ஒலிக்காது என்ற விதியைக் கற்றவர், வீடு திரும்பும்போது ஆட்டோ ஓட்டுநரிடம் 'டூமாஸ் தெரு' என்னாமல் 'துய்மா' என்று திருத்தமாகக் கூறி, அப்படியொரு தெருவே புதுவையில் இல்லை என்ற உறுதியான விடையைப் பெறுகிறார். ஒலிக்காத ஈற்றெழுத்தும் சும்மா இருப்பதில்லை. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் உயிர்பெற்று அதனோடு ஒட்டிக்கொள்ளும். 'லியேசோன்' எனப்படும் இவ்விணைப்பு, புணர்ச்சி இலக்கணம் கண்ட தமிழருக்குப் புதிதன்று. ஆனால் ஒலிக்காத 'எச்' எழுத்தில் தொடங்கும் சில சொற்களுக்கு முன் இணைக்கக் கூடாது என்னும் விலக்கை மறந்தவர், 'வீரர்கள்' என்று சொல்ல வாயெடுத்து 'பூச்சியங்கள்' என்று சொல்லி முடிக்கிறார். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று சொந்த மொழியில் இன்றுவரை உறுதியாகச் சொல்ல இயலாத ஒருவர் இதைக் கண்டு 'என்ன மொழி இது' என்று சினப்பது, ஆராய்ச்சியாளரின் கண்ணுக்கு மிகுந்த சுவை தருவதாகும்.

மரியாதைப் பன்மை ஒன்றுதான் தமிழருக்கு உழைப்பின்றி வாய்ப்பது. 'து', 'வூ' என்னும் இரண்டும் நீ, நீங்கள் என்பவற்றுக்கு நேரானவை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தடுமாறும் இவ்விடத்தில் தமிழர் பெருந்தன்மையோடு கடந்து செல்கிறார், சில வேளைகளில் பூனையைக்கூட 'நீங்கள்' என்று விளித்து.

இக்கல்வியின் மிகப் பெரிய விளைவு, எந்தப் பாடத்திட்டத்திலும் குறிக்கப்படாத ஒன்று: கற்பவர் பொய்யராகிவிடுகிறார். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பகுக்கிறது. தன்னையும் குடும்பத்தையும் அறிமுகம் செய்வது முதற்படியாகிய ஏ1க்கு உரிய திறன். உண்மையைச் சொல்ல இப்படியில் சொல்வளம் போதாது. பிடித்த உணவு வத்தக்குழம்பு என்று சொன்னால் அதை விளக்க அரைமணி நேரமும் அறியாத வினைச்சொற்கள் பலவும் தேவைப்படும் என்பதால், வகுப்பில் உள்ள அனைவருக்கும் பிஸ்ஸா பிடித்துப்போகிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே சொல்லாக இருக்கும் ஒரே காரணத்தால் மூட்டுவலிக்காரரும் டென்னிஸ் ஆடுகிறார். 'நேற்று என்ன செய்தீர்கள்' என்னும் கேள்விக்கு எல்லாரும் தொலைக்காட்சி பார்த்ததாகவும் சாப்பிட்டதாகவும் கூறுவார்கள்; எவரும் எங்கும் போயிருக்க மாட்டார்கள். பெரும்பாலான வினைகள் இறந்தகாலத்தில் 'உடைமை' பொருள்தரும் துணைவினையை ஏற்க, போதல், வருதல், பிறத்தல், இறத்தல், விழுதல் போன்ற சில மட்டும் 'இருத்தல்' பொருள்தரும் துணைவினையை ஏற்று, எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் தம் ஈற்றை மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். பெண் போனாள் என்று எழுதக் கூடுதலாக ஓர் 'ஈ' எழுத்து வேண்டும். அவ்வெழுத்தோ காதில் விழாது. ஆகவே, காலையில் சென்னைக்குப் போய் விசா நேர்காணல் முடித்து, பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து, முழங்கால் கட்டோடு வகுப்புக்கு வந்தவரும், நேற்றும் இன்றும் வீட்டில் தொலைக்காட்சி பார்த்ததாகவே முகம் மாறாமல் கூறுகிறார்.

பருவத்தின் இறுதியில் 'திக்தே' எனப்படும் கேட்டெழுதும் பயிற்சி வந்து, திருத்திய தாள்கள் சிவந்து திரும்பும் நாளில், ஆசிரியர்கள் தவறாமல் மெரிமேயின் கதையை எடுப்பார்கள். எழுத்தாளர் புரோஸ்பேர் மெரிமே 1857இல் மூன்றாம் நெப்போலியனின் அரசவையாரின் பொழுதுபோக்குக்காக, பொறிகள் நிறைந்த ஒரு பத்தியை அமைத்துச் சொல்ல, சக்கரவர்த்தி 75 பிழைகளும், அரசி ஒய்ழெனி 62 பிழைகளும், எழுத்தையே தொழிலாகக் கொண்ட இளைய துய்மா 24 பிழைகளும் செய்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. சக்கரவர்த்தியைவிடக் குறைவாகப் பிழை செய்ததை எண்ணித் தாத்தா நிமிர்ந்து உட்கார, அவையில் மிகக் குறைவாக, மூன்றே பிழைகள் செய்தவர் ஆஸ்திரியத் தூதர் மெட்டர்னிக், அதாவது ஒரு வெளிநாட்டார், என்று ஆசிரியர் வெற்றிக்குரலில் முடித்து, அடுத்த படிக்கான கட்டணப் படிவங்களை வினியோகிக்கிறார். ஐரோப்பிய உயர்குடியினர் பிரெஞ்சில் பேசியே வளர்ந்த காலத்தைச் சேர்ந்த அத்தூதர், எந்த மாலை வகுப்பிலும் சேர்ந்து படித்தவர் அல்லர் என்பதை மட்டும் அவர் குறிப்பிடுவதில்லை.