காற்றைப் பிடிக்கும் கார்டு: மாமா பதில்கள்

கமுந்திங் வாசகர்: நேற்று வரை ஓடிய வைஃபை இன்று காலையில் இருந்து மடிக்கணினியில் காணோம். புதுக் கார்டு வாங்கிவிடட்டுமா?

மாமா: பணப்பையை உள்ளே வையுங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பழைய கணினி என்றால் விளிம்பில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். பைக்குள் உரசி அதுவாகவே அணைந்துவிடும். அந்த சுவிட்சைத் தள்ளிவிட்டு சர்வீஸ் சார்ஜ் கேட்க ஆள் இருக்கிறது. அவருக்கு முன்னால் நீங்கள் தள்ளிவிடுங்கள்.

தைப்பிங் மாணவி: கார்டு, கார்டு என்கிறீர்களே, நான் பார்த்ததே இல்லை. எங்கே ஒளிந்திருக்கிறது மாமா?

மாமா: அடிமூடியைக் கழற்றினால் மதர்போர்டு மேல் படுத்திருக்கும். இப்போதைய கார்டு 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். கடையில் ‘எம்.2 2230’ என்று கேட்பது இந்த அளவைத்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ. இரண்டு மெல்லிய வயர், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வயர்கள் கீல் வழியாக ஏறி, திரையின் சட்டத்துக்குள் இருக்கும் ஆன்டெனாவில் போய் முடியும். கார்டு மடியில், காது தலையில்!

பொக்கோ அசாம் தொழிற்சாலை ஊழியர்: நானே மாற்றப் போகிறேன். முறையாகச் சொல்லிக் கொடுங்கள் மாமா.

மாமா: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் தம்பி. சார்ஜரைப் பிடுங்கு. கணினியை முழுசாக அணை. தூங்க வைத்தால் போதாது. அடிமூடி ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் வை. எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி வயரைக் கழற்றுவது. பிறகு ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடு.

எந்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள். நகத்தைக் கொடுத்து நேராக மேலே நெம்பு. பக்கவாட்டில் இழுத்தால் தலை பிய்ந்து வரும். ஸ்க்ரூவை எடுத்ததும் பழைய கார்டு தானாகத் தலையைத் தூக்கும். புதியதைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஸ்க்ரூ போடு. தங்க நிறப் பல்வரிசையில் விரல் படக் கூடாது.

வயரை மாட்டுவது ரவிக்கையின் அமுக்குப் பித்தான் போடுவது மாதிரி: குறி பார்த்து, நேராக, ஒரே ஒரு ‘டிக்’. இந்தக் குட்டி முனைகள் சுமார் 30 தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டவை. சும்மா சும்மா கழற்றிக் கூட்டாளிகளுக்குக் காட்டாதே, படத்தைக் காட்டு.

கமுந்திங் குடும்பத் தலைவி: தம்பி மகன் கார்டு மாற்றிக் கொடுத்தான். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் பறக்கிறது. அடுப்படிக்குப் போனால் செத்துவிடுகிறது.

மாமா: ஸ்க்ரூவைப் போட்டவன் ஆன்டெனா வயரை மறந்துவிட்டான், அல்லது அரைகுறையாக அமுக்கியிருக்கிறான். வயர் இல்லாத கார்டுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்தான் தெரியும். பையனை மறுபடி கூப்பிடுங்கள். இந்த முறை தே தண்ணீர், வேலை முடிந்த பிறகு.

ஈப்போ வாசகர்: இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கி என் ஏஎம்டி கணினியில் மாட்டினேன். அடையாளமே தெரியவில்லை என்கிறது.

மாமா: தெரியாது. 201, 211 எல்லாம் அரைக் கார்டுகள். மிச்ச மூளை இன்டெல் சிப்புக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். முழு மூளையோடு வருபவை 200, 210. இந்த நான்கில் கடைசி எண் ஒன்று என்றால் இன்டெல் வீட்டில் மட்டும் வாழும். சைபர் என்றால் ஏஎம்டி வீட்டிலும் குடித்தனம் நடத்தும்.

செலாமா ஆசிரியர்: பழைய திங்க்பேட். கார்டு மாற்றினேன். 1802 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

மாமா: அந்தக் காலத்து திங்க்பேட் பயாசுக்குள் அனுமதி பெற்ற கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் விண்டோஸ் வரைக்கும் விடாது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எதை மாட்டலாம் என்று விற்றவர் முடிவு செய்வது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அந்த மாடலுக்கென்றே பாக எண் ஒட்டிய கார்டைத் தேடி வாங்குங்கள், திறக்கும். இல்லையென்றால் யூஎஸ்பி வைஃபை. அதற்கு யாரும் பட்டியல் பார்ப்பதில்லை.

மாத்தாங் மாணவர்: கார்டு மாட்டியாச்சு. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். தலை சுற்றுகிறது மாமா.

மாமா: கைப்பேசியை யூஎஸ்பி வயரால் கணினியில் மாட்டி டெதரிங்கைப் போடு. பத்து நிமிடத்துக்கு அதுதான் உன் மோடம். எந்த டிரைவர் என்று குழம்பினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போட்ட வரியைத் திறந்து ஹார்ட்வேர் ஐடியைப் பார். 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் ஏதெரோஸ். 8086 என்றால் இன்டெல். 1978ல் வந்த 8086 பிராசசர் இன்டெலுக்குப் பேர் வாங்கித் தந்த பிள்ளை. அந்தப் பேரை யார் விடுவார்கள்?

கமுந்திங் வாசகர்: மழை பிடித்தால் வைஃபை மந்தமாகிறது. எங்கள் ஊரில் மழை பிடிக்காத நாள் ஏது?

மாமா: உண்மைதான். லாருட் மலைக்கு அடியில் குடியிருக்கிறோம். தைப்பிங் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. தீபகற்பத்திலேயே நனைந்த ஊர் என்ற பேர் சும்மா வரவில்லை. ஆனால் உங்கள் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே மழை பெய்யவில்லையே! மழை நாளில் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் படம் பார்க்கிறீர்கள், அதுதான் மந்தம்.

பயப்பட வேண்டியது இடிக்கு. இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது? வானம் கறுத்ததுமே, முதல் முழக்கத்துக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய செம்புத் தொலைபேசி வயர் இருந்தால் அதையும்.

முன்னாள் தோட்டத்துக் குடியிருப்பு, தாயார்: லயத்து வீடு. முன்பக்கம் பலகை, பின்னால் தகரம் அடித்து ஓர் அறை சேர்த்திருக்கிறோம். மகள் அங்கேதான் படிக்கிறாள். வைஃபை அங்கே மட்டும் போவதில்லை.

மாமா: பலகை அலையை விட்டுவிடும். தகரம் திருப்பி அடித்துவிடும். பால்மரக் காலத்து வீட்டை வைஃபையை நினைத்தா கட்டினார்கள்? செலவில்லாத வைத்தியம் சொல்கிறேன். ரவுட்டர் இப்போது டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாகக் கிடக்கும். அதை எடுத்து, பின் அறைக் கதவு நேராகத் தெரிகிற இடத்தில், தலை உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். அலை சந்து கிடைத்தால் நுழையும். திறந்த கதவு அதற்கு ராஜபாட்டை.

அடுத்தது கணினியில். டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் வலது கிளிக், ‘பிராப்பர்டீஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’ பக்கம். ‘பிரிஃபர்டு பேண்ட்’ என்று இருந்தால் 2.4 கிகாஹெர்ட்சைத் தேர்ந்தெடுங்கள். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும். பக்கத்திலேயே ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். உயரமான இடம் சாமி மேடைப் பக்கம்தான் என்றால் அங்கேயே ஆணி அடியுங்கள். படிக்கிற பிள்ளைக்கு என்றால் சாமி நகர்ந்து இடம் கொடுக்கும்.

சிம்பாங் வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொடுத்துவிட்ட மடிக்கணினி. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை!

மாமா: உங்கள் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்சில் நாம் 13 சேனல் வரை போகலாம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கார்டுக்குப் பெரும்பாலும் 11 வரைதான் எண்ணத் தெரியும். ரவுட்டரை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்களும் அவைதான். அண்ணன் கணினி வீட்டைக் கண்டுபிடித்துவிடும். அண்ணன் எப்போது கண்டுபிடிப்பார்?

ஈப்போ மாணவர்: வைஃபையைக் கண்டுபிடித்தது யார்?

மாமா: ஒரு ஆளைச் சொன்னால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். வைஃபைக்கான முதல் 802.11 தரம் 1997ல் வந்தது, வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் ஜான் ஓ’சல்லிவன் குழு, சுவரில் பட்டு எதிரொலித்துக் குழம்பும் அலைகளைப் பிரித்தெடுக்க வழி கண்டு, 1996ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. ஓ’சல்லிவன் அதற்கு முன் தேடியது வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலைகளை. கருந்துளை கிடைக்கவில்லை, நம் வரவேற்பறை கிடைத்தது.

அதே கார்டில் ப்ளூடூத்தும் இருக்கிறதே, அது சேனல் விட்டுச் சேனல் தாவும் வித்தை. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தீலும் அந்த மாதிரித் தாவலுக்கு 1942லேயே காப்புரிமை வைத்திருந்தார்கள். டார்பிடோவுக்காக! கனவுக்கன்னி என்று சுவரொட்டி ஒட்டியவர்களுக்கு அவர் மூளை தெரியவில்லை.

கமுந்திங் மாணவி: ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது’ என்கிறார் தாத்தா.

மாமா: இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972ல் திறந்தது பினாங்கில். நம் ஊரில் இருந்து காலையில் கிளம்பினால் பசியாறும் நேரத்துக்குப் போய்விடலாம். அந்தக் காலத்துப் பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து நுண்நோக்கியில் கண் வைத்துச் சிப்புக்கு வயர் கட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்போங்கில் இருந்தும் தோட்டத்தில் இருந்தும் பஸ் ஏறிப் போனவர்கள். பொம்பளைப் பிள்ளை கை படாமல் கணினிக் காலமே வந்திருக்காது என்று தாத்தாவிடம் மரியாதையாகச் சொல்லு. சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்று.

தைப்பிங் வாசகர்: வைஃபை 6இ கார்டு மாட்டினேன். 6 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படவில்லை.

மாமா: மலேசியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்திருக்கிறது. ஆனால் ரவுட்டரும் 6இ ஆக இருக்க வேண்டும், இன்டெல் கார்டு என்றால் விண்டோஸ் 11 வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது. உங்களிடம் எது குறைகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பாரிட் புந்தார் வாசகர்: தம்பியின் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட ஆசை. எந்தக் கார்டு?

மாமா: இன்டெல். அதன் டிரைவர் லினக்சுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஏஎக்ஸ்210 என்றால் கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல். பழைய பிராட்காம் கார்டு வைத்துக்கொண்டு போராடிய இரவுகள் பல பேருக்கு உண்டு. நீங்கள் தூங்குங்கள்.

கமுந்திங் வாசகர்: இணைந்துவிட்டது என்கிறது, ஒன்றும் திறக்கவில்லை. முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது.

மாமா: ரவுட்டர் முகவரி கொடுக்காததால் கணினி தானே ஒன்றை எழுதி ஒட்டிக்கொண்டது. கார்டைத் திட்டாதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

விடுதி மாணவர்: கார்டு மாற்றிய பிறகு பல்கலைக்கழக விடுதி வைஃபை என்னை உள்ளே விடவில்லை.

மாமா: அங்கே பதிந்து வைத்திருப்பது உன் பழைய கார்டின் மேக் முகவரியாக இருக்கும். 48 பிட், கார்டுக்குக் கார்டு வேறு. புதியதைப் பதியச் சொல். உன் முகம் மாறவில்லை என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை, அவர்கள் பார்ப்பது கார்டின் முகத்தை.

கமுந்திங் தந்தை: கடையில் ‘கணினியே பழசு, புதியது வாங்குங்கள்’ என்கிறார்கள். வைஃபை மட்டும்தான் போயிருக்கிறது.

மாமா: ‘கார்டு போர்டோடு பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மெல்லிசான கணினிகள் பலவற்றில் பற்றவைத்திருப்பார்கள். அப்போதும் யூஎஸ்பி வைஃபை இருக்கிறது. நகத்தளவு குட்டியை விட, சின்ன ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பது மேல். கழற்றக்கூடியது என்றால் நல்ல கார்டே நூறு வெள்ளிக்குள் முடியும். மகன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள், மேலே பொக்கோ அசாம் தம்பிக்குச் சொன்ன பதிலைக் கத்தரித்துப் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேர வேலைக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர் வயிற்றில் அடிக்கிறார். அடிபட நீங்கள் ஏன் போக வேண்டும்?

தைப்பிங் வாசகி: பக்கத்து வீட்டுக்காரர் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கலாமா?

மாமா: ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று தனியாக ஒன்று திறந்து, அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உங்கள் கணினியும் பிரிண்டரும் அவர் கண்ணில் படாது. அவர் வீட்டில் எஸ்பிஎம் எழுதும் பிள்ளை இருந்தால், கேட்பதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்!