விராலும் மஹ்சீரும்

கேள்வி: எங்கள் பாகூர் ஏரி விராலைக் காட்டிலும் மூர்க்கமாகத் தூண்டில்காரனோடு மல்லுக்கு நிற்கும் மீன் எங்கேனும் உண்டா? (வாசகர், கரியமாணிக்கம்)

பதில்: கரையேறிய பின்னும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு குழம்புச் சட்டியை முறைக்கின்ற தங்கள் விரால் பராக்கிரமசாலியே என்றாலும், காவிரிப் பிரவாகத்தை எதிர்த்து நீந்தியே தேகபலம் பெற்ற கூன்முதுகு மஹ்சீர், முள் தைத்த மறுகணமே பாறைகளினூடே பாய்ந்து, தூண்டில் நரம்பையும் பிடித்தவரின் கர்வத்தையும் ஒருங்கே அறுத்துவிட வல்லது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு. யார் யாரை இழுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

தூண்டிலுக்கு எளிதில் தோற்காத அம்மீன், அணைகளுக்கும் வெடிவைத்துப் பிடித்தலுக்கும், வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் என்னும் தாயாதிக்கும் தோற்று, 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.