டீக்கடைப் பெஞ்சுத் தத்துவம்: கருத்துரைக்கும் துணை மாந்தர் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்ப் படத்தில் பத்துப் பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒருவர் வாய் திறப்பார். கதாநாயகன் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருப்பான். அல்லது வில்லனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். வாய் திறப்பவருக்குப் பெயர் கிடையாது. முந்தைய காட்சியில் அவர் இல்லை, அடுத்த காட்சியிலும் இருக்க மாட்டார். தோளில் துண்டு மட்டும் உண்டு. "பணம் இருந்து என்னப்பா செய்ய, மனசு வேணுமில்ல" என்பார். பக்கத்தில் நிற்பவர் "அது சரிதாண்ணே" என்பார். இயக்குநர் இரண்டரை மணி நேரமாகப் பாடுபட்டுச் சொல்லிவந்ததைத் துண்டுக்காரர் ஒரு மூச்சில் முடித்துவிடுவார். நாயகருக்கு ஆய்வேடு உண்டு, வில்லருக்கு உண்டு, நகைச்சுவையாளருக்கும் உண்டு. துண்டுக்காரரோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறார். அக்குறையைப் போக்கவே இம்முயற்சி.

எல்லை வகுத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி வெளியே வந்து "இருபத்து நாலு மணி நேரம் போகட்டும்" என்கிற டாக்டர் இவ்வினத்தில் சேரார். அவர் சொல்வது தகவல். எல்லாம் முடிந்தபின் வந்து சேரும் இன்ஸ்பெக்டர் தெரிவிப்பது சட்ட நிலை. 'பராசக்தி'யில் (1952) குணசேகரன் நீதிமன்றத்தில் முழங்குவதும் நம் வரம்புக்குள் வராது. அது கடை முதலாளியே கல்லாவிலிருந்து எழுந்து வந்து சரக்கின் பெருமை பேசுவது. அவருக்கு அந்த உரிமை உண்டு. தெருவில் போகிறவர் ஏன் கடைக்குள் நுழைந்து விற்கிறார் என்பதே நம் கேள்வி.

இது இறக்குமதிப் பழக்கம் என்போர் தொல்காப்பியத்தைப் புரட்டுவது நலம். அகத்திணையியலில் பேச்சுரிமை பெற்றோருள் 'கண்டோர்' என்று ஓர் இனம் உண்டு. உடன்போகும் காதலர்க்குப் பாலை வழியில் எதிர்ப்படுவோர், பெயரற்றவர், துண்டுக்காரரின் நேர் மூதாதையர். ஆனால் தொல்காப்பியர் அவர்களுக்கு ஒதுக்கிய வசனத்தைக் கவனியுங்கள். பொழுது சாய்கிறது, வழி அச்சந்தருவது, எங்கள் ஊர் பக்கம், நீங்கள் போகிற ஊர் தொலைவு. காதல் பெரிதா குலம் பெரிதா என்பது பற்றி மூச்சே இல்லை. கடைசி பஸ் போய்விட்டது, தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள் என்பதே அதன் இன்றைய உரை.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் வரும் கண்டோர் இன்னும் கெட்டிக்காரர்கள். அதைப் பாடியவர் பெரும்பதுமனார். அவர்கள் பார்ப்பது கால்களை: அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு அறிந்த அக்காலத்தார்க்கு, அது இன்னும் காலிலேயே கிடக்கிறது என்ற ஒன்று போதும். முழுக் கதையும் விளங்கிவிடும். கண்டோர் இரக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். இதே காட்சியை இன்று படமாக்கினால் அவர்களுள் ஒருவர் காமிராப் பக்கம் திரும்பி, "காதலுக்கு ஏதுய்யா சாதி?" என்றிருப்பார். காலையும் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

எதிர்த்தரப்பார் கலித்தொகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். ஒன்பதாம் பாட்டில், ஓடிப்போன மகளைத் தேடி வரும் செவிலி, எதிரே வந்த முக்கோல் அந்தணரைக் கேட்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்குப் பயன்படாது, முத்து கடலுக்குப் பயன்படாது, இசை யாழுக்குப் பயன்படாது, உன் மகளும் அப்படித்தான் என்கிறார்கள் அவர்கள். கருத்து பச்சையாகவே வருகிறது. ஆயினும் இரண்டு வேறுபாடு. ஒன்று, அவர்களைக் கேட்டார்கள். மற்றொன்று, கொதிக்கும் வெயிலில் குடை பிடித்து அவர்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சோலி இருந்தது. இந்தச் சோலியை நினைவில் வையுங்கள். ஆராய்ச்சியின் அச்சாணி அதுதான்.

கூத்தின் கட்டியங்காரனிடமிருந்து கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வழியாகச் 'சின்னக் கலைவாணர்' விவேக் வரை வரும் கிளை வேறு; சிரிக்க வைத்துவிட்டுச் சொல்பவர்களை எந்த நீதிமன்றமும் தண்டிக்காது. அடுத்ததற்குப் போகலாம்.

துண்டுக்காரர் பெருகியதற்கு அறிஞர் கவனியாத ஒரு காரணம் உண்டு: டப்பிங். நம் படங்களில் பெரும்பாலும் படம் பிடித்த பிறகே குரல் சேர்க்கிறார்கள். ஆகவே எடிட்டிங் மேசையில் 'கருத்து சரியாகப் போய்ச் சேரவில்லையோ' என்ற ஐயம் எழுந்தால் மறுபடி ஷூட்டிங் போக வேண்டியதில்லை. கூட்டத்தில் முதுகு காட்டி நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். வாய் தெரியாது, உதட்டசைவுத் தொல்லை இல்லை. அந்த முதுகிலிருந்து எவ்வளவு அறம் வேண்டுமானாலும் வரும். பள்ளிக் கல்வி பற்றியும் விவசாயம் பற்றியும் முதுகுகள் பேசி நான் கேட்டிருக்கிறேன். இவ்வகையை 'முதுகுரை' என்று பெயரிட்டுத் தனி அதிகாரமாக்கலாம். இன்று செல்போனைப் பார்த்தபடி பைக்கில் சாய்ந்திருக்கும் நாலு இளைஞரும், மைக்கைக் கண்டதும் நாட்டு நடப்பை அலசும் அம்மாவும் முதுகுக்கு முகம் வைத்த புதுப் பதிப்புகளே.

வெளிநாட்டார் நிலை என்ன? பிளேக் ஸ்னைடர் என்ற அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் 2005இல் 'சேவ் தி கேட்' என்று ஒரு கையேடு எழுதினார். திரைக்கதைக்கு 15 படிகள். அவற்றுள் ஒன்று கருத்தை வாய்விட்டுச் சொல்வது. அது ஐந்தாம் பக்கத்தில் வரவேண்டும். பெரும்பாலும் நாயகனிடம் வேறு யாரோ சொல்வது. அவனுக்கு அப்போது புரியாது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் ஐந்தாம் நிமிடம் அறிமுகப் பாட்டு நடக்கும். விசில் சத்தத்தில் யார் கருத்து யார் காதில் ஏறும்? ஆகவே நாம் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். அங்கே கருத்து விதை. இங்கே அது ரசீது. படம் பார்த்தீர்கள், இதோ பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி.

இனி நம் கண்டுபிடிப்பு. துணைப் பாத்திரம் கருத்தை நேராகச் சொல்லலாமா கூடாதா என்று சண்டையிடுவது வீண். சொல்பவருக்கு அங்கே சோலி உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்குச் 'சோலிக் கோட்பாடு' என்று பெயர்.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் மனோரமாவின் கண்ணம்மா அந்த வீட்டு வேலைக்காரி. வெளுத்து வாங்குகிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை. காரணம் எளிது. குடும்பத் தலைவர் அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரித்துவிட்டால் எந்தப் பக்கத்தைக் கூட்டுவது, எந்தப் பக்கத்தை விடுவது? குடும்ப ஒற்றுமை அவருக்குத் தத்துவமல்ல, துடைப்பம் சம்பந்தப்பட்ட விவகாரம்.

'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தின் கடைசி வசனம் இன்னொரு சான்று. பெண் வேடம் போட்டவனை மணக்கத் துடிக்கும் கிழக் கோடீஸ்வரன் ஆஸ்குட், தான் ஆண் என்று அவன் விக்கைக் கழற்றிச் சொன்ன பிறகும், குறையில்லாதவர் யாருமில்லை என்கிறான். முழுப் படத்தின் சாரமும் அதுதான். ஆனால் சாரம் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவன் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டிருக்கிறான், கல்யாண நினைப்பில் இருக்கிறான். 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில், கேன் சாகும்போது சொன்ன ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் தேடி அலையும் நிருபர் தாம்சனுக்கோ முகமே சரியாகத் தெரியாது. ஆனால் இது முதுகுரை ஆகாது. ஒற்றைச் சொல்லால் ஒரு மனிதனின் வாழ்க்கையை விளக்கிவிட முடியாது என்று அவன் சொல்வது, ஒப்படைத்த வேலை கைகூடாத ஆளின் சமாதானம். அவன் போனதும் காமிரா நம்மிடம் மட்டும் அந்தச் சொல் எதைக் குறித்தது என்று காட்டிக்கொடுத்து, அவன் கருத்தையே ஆட்டம் காண வைக்கிறது.

கோட்பாட்டுக்கு ஒத்துவராத சான்றை அடிக்குறிப்பில் புதைப்பது ஆய்வு மரபு. எனக்கு அடிக்குறிப்பு இல்லாததால் இங்கேயே சொல்கிறேன். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) முடிவில் பாலம் சிதறியதும், பார்த்துக்கொண்டிருந்த ராணுவ டாக்டர் பைத்தியக்காரத்தனம் என்று கத்துகிறார். அந்நேரம் அவருக்கு எந்தச் சோலியும் இல்லை. இருந்தும் எடுபடுகிறது. ஏன் என்று ஆராய நிதி ஒதுக்கினால் ஆராயலாம்.

'நாயகன்' (1987) பேரன் வேறு வழி காட்டுகிறான். நல்லவரா கெட்டவரா என்று அவன் தாத்தாவிடம் கேட்கிறான். படம் முழுக்க நம் மனத்தில் ஓடியது அதே கேள்வி. வேலு நாயக்கருக்கு விடை தெரியவில்லை. அங்கே ஒரு துண்டுக்காரரை நிறுத்தியிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பார்.

மௌனத்துக்குப் பேர்போன மகேந்திரனும் 'உதிரிப்பூக்கள்' (1979) முடிவில் கருத்தைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் கூட்டமாக நிற்கும் ஊர்க்காரர் ஒருவருக்கும் அதைத் தரவில்லை. நல்லவர்களாக இருந்த உங்களை என்னைப் போல் ஆக்கிவிட்டேன், அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்று சுந்தரவடிவேலுவையே சொல்ல வைத்தார். சாகப்போகிற வில்லனுக்கு அந்த ஊரில் அதைவிடப் பெரிய சோலி ஏது? கருத்து கந்தசாமியாக இருக்க எல்லாத் தகுதியும் படைத்த அத்தனை பேரை வாயடைத்து நிற்கவைத்த அந்தக் கட்டுப்பாட்டை உதவி இயக்குநர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

செய்ய மாட்டார்கள் என்பதும் தெரியும். துண்டுக்காரரை நீக்கினால் துணை நடிகர் ஒருவரின் அன்றைய பேட்டாவும் போய்விடும்; அந்தப் பாவம் ஆராய்ச்சிக்கு வேண்டாம். ஆகவே இடைக்காலத் திருத்தம் ஒன்றை முன்மொழிகிறேன். அவர் பெஞ்சிலேயே உட்காரட்டும், துண்டும் இருக்கட்டும். டீக்கடைக்காரர் முதலில் நேற்றைய பாக்கியைக் கேட்க வேண்டும். அவர் மடியைத் தடவிக்கொண்டே, பேச்சை மாற்றுவதற்காக, பணம் இருந்து என்னப்பா செய்ய என்று ஆரம்பிக்கலாம்.