கடல் இல்லாத ஊரில் கருவாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படின்னு தங்கச்சியை எழுதச் சொல்லுங்க. போன கிழமை போன்ல நீங்க கேட்டது ஒரே கேள்வி. "கடலே இல்லாத நாடாமே, கருவாட்டுக்கு என்னடா பண்றே?" சம்பளம் கேக்கல, குளிர் கேக்கல. பதில் சொல்றதுக்குள்ள லைன் அறுந்து போச்சு. அதான் எழுதுறேன். தங்கச்சி, நடுவுல விட்டுட்டு வாசிக்காதே.

கடல் இல்லைன்னு எனக்காகப் பரிதாபப்படுறீங்களே, நீங்க எத்தனை தரம் கடலைப் பாத்திருக்கீங்க? முன்னேஸ்வரம் போன பஸ் சிலாபத்துல நின்னப்ப ஒருக்கா, அதுவும் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு. நுவரெலியா மாவட்டத்துக்கு மட்டும் கடல் இருக்கா என்ன?

நான் இருக்கிற ருவாண்டா நம்ம இலங்கையில பாதிகூட வராது. 26,338 சதுர கிலோமீட்டர். சுத்தி உகண்டா, தான்சானியா, புருண்டி, கொங்கோ. நடுவுல 2022 கணக்கெடுப்புப்படி 1 கோடி 32 லட்சம் சனம். ஆயிரம் மலை நாடுன்னு பேர். நான் எண்ணிப் பாக்கல, ஆனா பஸ்ஸுல வரும்போது கினிகத்தேனை வளைவுல வாற அதே வாந்தி வந்துச்சு. நான் வேலை செய்ற தேயிலை பெக்டரி நியுங்வேங்கிற பெரிய காட்டோரமா இருக்கு. அந்தக் காட்டு முகட்டுல ஒரு பக்கம் விழுற மழை நைல் நதிக்குப் போகுது, மறுபக்கம் விழுறது கொங்கோ நதிக்குப் போகுது. மஸ்கெலியாப் பக்கம் விழுந்தா களனி, கொத்மலைப் பக்கம் விழுந்தா மகாவலின்னு அப்பா சொல்வாரே, அதே கதைதான். ரெண்டு பக்கமும் நனையுறது கொழுந்தெடுக்கிறவங்கதான்.

இப்ப கருவாடு. நீங்க கட்டிக் குடுத்த நெத்தலிக் கருவாட்டால நான் வந்திறங்கின அன்னைக்கே ஜெயிலுக்குப் போகப் பாத்தேன். இங்க பிளாஸ்டிக் சிலி சிலி பேக் சட்டப்படி குற்றம். 2008-ல தடை பண்ணிட்டாங்க. நீங்க கட்டின லட்சணம் ஞாபகம் இருக்கா? சிலி சிலி பேக்ல போட்டு முடிச்சு, அதைத் தலைகீழா இன்னொண்ணுல போட்டு, அதையும் அப்படியே திரும்பத் திரும்பப் போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, அதுக்கு மேல ஹட்டன் புடவைக்கடை பேக். பெட்டியைத் திறந்த ஆபீசர் கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா உரிச்சார். மூணாவது பேக்ல அவர் முகம் இறுகிப் போச்சு. நாலாவதுல இன்னொருத்தரைக் கூப்பிட்டார். இவ்வளவு சுத்தியிருக்கான்னா உள்ள தங்கமோ கஞ்சாவோதான்னு நெனச்சிருப்பாங்க. ஆறாவது முடிச்சு அவிழ்ந்ததும் வாசனை வெளிய வந்துச்சு பாருங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பின்னுக்குப் போனாங்க. எனக்குப் பின்னால நின்ன வெள்ளைக்காரி வரிசையே மாறிட்டா. கடைசியில கருவாட்டை என்கிட்டயே குடுத்துட்டு, பேக் ஆறையும் எண்ணி எடுத்துக்கிட்டாங்க. போதைப்பொருள் பிடிச்ச மாதிரி அவ்வளவு கவனமா எண்ணினாங்க. கருவாட்டைக் கடதாசிப் பையில ஏந்திக்கிட்டு நான் ஆப்பிரிக்காவுக்குள்ள காலடி வெச்சேன்.

அதோட முடியல. ரைஸ் குக்கருக்குள்ள நீங்க திணிச்ச ஏழாவது பேக்கை அவங்களும் பாக்கல, நானும் பாக்கல. குவாட்டர்ஸுக்கு வந்து திறந்தா மல்லித்தூளோட சிரிக்குது. எறியலாம்னா எங்க எறியுறது? கொளுத்தினா மணக்கும். கொங்கோ எல்லையில பொம்பளைங்க இதை உடம்புல சுத்திக் கடத்துறாங்கன்னு வேற சொன்னாங்க. ஒரு மாசமா மெத்தைக்கடியில கசிப்புப் போத்தல் மாதிரி ஒளிச்சு வெச்சிருந்தேன். ராத்திரியில சரசரன்னு சத்தம் வந்தா நெஞ்சு திக்குன்னும். தக்காளி வாங்கிச் சட்டையில ஏந்திக்கிட்டு வரும்போதெல்லாம் அந்த பேக்கை நெனச்சுப்பேன். இன்னும் இருக்கு. எங்க இருக்குன்னு எழுத மாட்டேன்.

கருவாட்டுக்கு வழி கிடைச்சிருச்சு, கவலைப்படாதீங்க. கீழ கிவுன்னு ஒரு ஏரி, மறுகரை கொங்கோ. ஹட்டன் ஸ்டேஷனைவிட உயரத்துல கடல் மாதிரி கிடக்கு. ராத்திரியில தோணிகளைச் சேர்த்துக் கட்டி, லாம்பு வெச்சுப் பாட்டுப் பாடிக்கிட்டே வலை போடுறாங்க. அதுல விழுற குட்டி மீனுக்கு இசம்பாசான்னு பேர். பொரிச்சா நெத்தலியேதான். மாங்காய் போட்டுக் குழம்பும் வெச்சேன். உங்க குழம்பு மாதிரி இல்ல.

அப்பா ஊரெல்லாம் என்னைப் பெக்டரித் தொரைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாராம். சொல்லட்டும். ஆனா ஒவ்வொரு மாசக் கடைசிச் சனிக்கிழமையும் இங்க உமுகாண்டா. காலையில எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் கடை இல்ல, வண்டி இல்ல, நாடே இறங்கித் தெருக் கூட்டும், மரம் நடும். நம்ம சிரமதானந்தான், ஆனா போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போக முடியாது. வெளிநாட்டுக்காரனைக் கட்டாயப்படுத்த மாட்டாங்க, நானே மரியாதைக்குப் போய் மாட்டிக்கிட்டேன். கிராமத் தலைவியம்மா கையில பேர்ப்பட்டியல். நம்ம தோட்டத்துல வேலைக்குப் பேர் கூப்பிடுற அசல் பெரட்டுக்களம். என் கையில மம்பட்டியைக் குடுத்து, கான் வெட்டச் சொன்னாங்க. மம்பட்டி பிடிக்கக் கூடாதுன்னுதானே அப்பா என்னைப் படிக்க வெச்சார்? வெட்டினேன். கோணலா இருக்குன்னு மண்ணை மூடிட்டு மறுபடி வெட்டச் சொன்னாங்க.

இங்க பாராளுமன்றத்துலயே பாதிக்கு மேல பொம்பளைங்க. நம்ம தோட்டத்துல மலை முழுக்கக் கொழுந்தெடுக்கிறது பொம்பளைங்க, தோட்டத் தலைவர் மட்டும் எப்பவும் மீசை வெச்சிருப்பார். ஜனாதிபதி ககாமே 2024 தேர்தல்ல நூத்துக்கு 99 சொச்சம் எடுத்தார். எங்க ஸ்கூல்ல அந்த மார்க்கை எவனும் எடுத்ததில்ல. இதுக்கு மேல அரசியல் வேணாம்.

இங்க என்னை 'முஹிந்தி'ன்னு கூப்பிடுறாங்க. இந்தியாக்காரனாம். 1948-ல பிரஜாவுரிமையைப் பிடுங்கி, 2003 வரைக்கும் இழுத்தடிச்சு, பிறப்புப் பத்திரத்துல இந்தியத் தமிழர்னு எழுதின ஊர்ல பொறந்தவனுக்கு இது புதுசில்ல. ஆனா ஒண்ணு. இவங்களை ஹுட்டு, துட்சின்னு பிரிச்சு அடையாள அட்டையில எழுதினது பெல்ஜியக்காரன். 1994 இனப்படுகொலையில அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பாத்துத் துட்சிகளை வெட்டினாங்க. இப்ப அட்டையில அந்த இடமே இல்ல.

கொழுந்து நிறுக்கிற இடத்துல ஒரு அக்கா எனக்குப் பழக்கம். சொந்தமா அரைக்கால் மலை தேயிலை வெச்சிருக்கு. 2009-லருந்து அரசாங்கம் நாடு முழுக்கக் காணி அளந்து பத்திரம் குடுத்தப்ப, புருசன் பேரும் அது பேரும் சேர்ந்து விழுந்துச்சாம். குத்தகைப் பத்திரந்தான், ஆனா பேர் இருக்கு. நம்ம ஊர்ல பேர் விழுறதுன்னா அன்னைக்குக் கூலி. கிலோ குறைஞ்சா அரைப்பேர். தேயிலை இங்க வந்தது 1952-லதான், நமக்கு 1867. அந்த அக்கா ஒருநாள், "உங்கம்மாவும் கொழுந்தெடுத்தாங்களாமே, அவங்களுக்கு எவ்வளவு காணி?"ன்னு கேட்டுச்சு. நாப்பது வருசம் எடுத்தாங்கன்னு சொன்னேன். வருசத்தைக் கேக்கல, காணியைக் கேட்டேன்னுச்சு. தராசு முள்ளு சரியில்லன்னு பேச்சை மாத்திட்டேன்.

வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி தாற விசயமா யாராவது மறுபடி போர்ம் கொண்டாந்தா, கையெழுத்து வைக்கிறதுக்கு முந்தி தங்கச்சியை ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க. உங்க பேரும் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

இங்கத்த நேரம் உங்களுக்கு மூன்றரை மணி நேரம் பிந்தி. அதனால மாசக் கடைசிச் சனிக்கிழமை பதினொன்றரையிலிருந்து ரெண்டரை வரைக்கும் போன் எடுக்க வேணாம், நான் கான்ல நிப்பேன். அடுத்த மாசம் வாறவர்கிட்ட கருவாடு குடுத்து விடுறதுன்னா பேப்பர்ல சுத்தி, பழைய மாவுச் சாக்குல தச்சுக் குடுங்க. உள்ளுக்குள்ள ஒரு சின்ன பேக் கூட வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்