குளிர்சாதனப் பெட்டியில் வானப்பிரஸ்தம்

மிஞ்சிய சாம்பாரை அன்றிரவே கொட்டிவிடுவது பாபம் என்னும் தர்மசிந்தனை நம் கிருஹஸ்தர்களிடம் இன்னும் அற்றுப்போகவில்லையாதலால், அதை ஒரு கிண்ணத்தில் வார்த்து, மூடியிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கடைசித் தட்டுக்கு வானப்பிரஸ்தம் அனுப்பி, ஐந்தாம் நாள் முகர்ந்து பார்த்து, மனச்சாட்சிக்கு யாதொரு பங்கமுமின்றிக் குப்பைக்கூடையில் சந்நியாசம் கொடுக்கிறோம். 2022-ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறக்குறைய 105 கோடி டன் என்றும், அதில் சுமார் 60 சதவிகிதம் வீடுகளின் கைங்கரியம் என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. (ஹோட்டல்காரர்களையே வைதுகொண்டிருந்த எனக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.)

இதற்குப் பரிகாரமாக நிபுணர்கள் உபதேசிப்பது சுழற்சிப் பொருளாதாரம். மிஞ்சிய சோற்றில் நீரூற்றிக் காலையில் பழையதாக உண்டு, அதிலும் மிஞ்சியதை மிளகாயும் சீரகமும் சேர்த்து வடகமாக்கி வெயிலில் உலர்த்தி, அரிசி களைந்த நீரையும் காய்கறித் தோலையும் கழுநீர்த் தொட்டி மூலம் பசுவுக்குச் சேர்ப்பித்து, பசு திருப்பித் தந்ததை எருக்குழி வழியே வயலுக்கு அனுப்பிவந்த என் பாட்டி, இப்படியொரு சாஸ்திரம் இருப்பதை அறியாமலே காலமாகிவிட்டாள். நானோ அதுபற்றி மூன்று பிரசங்கங்கள் கேட்டவன். மூன்றாவதன் முடிவில் நடந்த விருந்தில், நான் இலையில் விட்டுவந்த இரண்டாவது ஜாங்கிரி எந்தச் சுழற்சியில் போய்ச் சேர்ந்ததென்று விசாரிக்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.